‘தொண்டர்’ என்று எழுதிய கை

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக கம்பனி உனக்குக் கொடுத்த நீல டீசேட்டைத் தோய்த்தேன். தேத்தண்ணிக்குக் கேத்தலைக்கூட வைக்கவில்லை. நேற்று இரவு வந்த களைப்பில் நீ அதைக் கதிரையில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாய். கலஹாத் தோட்டத்துச் சேறு கைப்பக்கம் முழுவதும் காய்ந்து கிடந்தது. முதுகில் மூன்று மொழிகளில் ஒரே சொல்லை அச்சடித்திருக்கிறார்கள், நடுவில் தமிழ். ‘தொண்டர்.’ அந்தச் சொல்லின் மேல் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அப்பா ஜன்னலால் எட்டிப் பார்த்து, “காலங்காத்தாலயே என்னா தனியா சிரிக்கிற?” என்றார். “இந்தச் சொல்லப் பாத்துதாங்க” என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. “அதுவா! நீ ஒரு சொல்ல எழுதினா ஒரு தோட்டமே சேல கட்டிக்கிட்டு வருமே” என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போனார்.

நீ இன்னும் தூங்குகிறாய். இந்த வாரம் முடிவதற்குள் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடுவாய். உன் கம்பனி உன்னை அங்கே அனுப்புகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குக் கவலைப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. நேரில் நிறையச் சொல்லவேண்டும். ஆனால் நேரில் சொன்னால் நீ “சரிம்மா, சரிம்மா” என்று பாதியிலேயே வெட்டிவிடுவாய். உன் வெட்டும் பழக்கத்தால் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் குசினி மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முதலில் நீ வாசி. பிறகு யார் வாசித்தாலும் எனக்குக் கவலையில்லை. பெட்டி கட்டுகிற வீடுகளில் எங்கள் கதையைப் போல ஏதாவது ஒன்று நடந்துகொண்டுதானே இருக்கும்.

நீ சின்ன வயதிலிருந்தே கையைத் தூக்குகிறவன். இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் பாடசாலையிலிருந்து வந்து, முதுகுப் பையை இறக்காமலே, “அம்மா, நாளைக்கு ஈர்க்குமாறு கொண்டு போவணும்” என்றாய். சரி என்றேன். “அப்புறம் பூச்சாடி.” அதற்கும் சரி என்றேன். “அப்புறம் மீன்.” என்ன மீன் என்று கேட்டேன். “உசிரோட உள்ள மீன், தொட்டிக்கு” என்றாய். வகுப்பை அழகுபடுத்த டீச்சர் கேட்ட ஒவ்வொரு சாமானுக்கும் நீயே கையைத் தூக்கியிருக்கிறாய். ஏன்டா என்று கேட்டதற்கு, “யாருமே தூக்கலம்மா, டீச்சரப் பாக்கப் பாவமா இருந்துச்சு” என்றாய். மறுநாள் காலை நெரிசல் பஸ்ஸில் நீ ஈர்க்குமாறோடும், நான் பூச்சாடியோடும், அப்பா பொலித்தீன் பையில் இரண்டு சிவப்பு மீன்களோடும் நின்றோம். அப்பா அந்தப் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். யாருடைய முழங்கையும் படக்கூடாதாம். கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்து, “என்னா, வீடு மாறுறீங்களா?” என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய பொறுப்பு உன் கையில் இருந்தது.

நான் அதற்கு நேர்மாறானவள். வகுப்பில் விடை தெரிந்தாலும் கையை மேசைக்குக் கீழேயே வைத்திருப்பேன். கெம்பஸில் படிக்கும்போதும் அப்படித்தான். அதற்கேற்ற வேலையும் கிடைத்தது: கண்டியில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் ஒருவர் எழுதியதைத் தமிழில் இன்னொருவருக்கு எழுதுவது, தமிழில் ஒருவர் சொன்னதைச் சிங்களத்தில் இன்னொருவருக்குச் சொல்வது. எதிலும் என் சொந்த வசனம் என்று ஒன்று இருக்காது. பொய் சொல்லமாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது. மற்றவர்களுடைய சொற்களுக்குப் பின்னால் நிற்பது நிழலில் நிற்பதைப் போல. வெயில் படாது.

உன் கம்பனியில் எல்லாருக்கும் ஆண்டுக்குச் சில நாட்களைச் சம்பளத்தோடு கொடுத்து, ஊருக்கு ஏதாவது செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறார்கள். சிலர் மகாவலி ஆற்றங்கரையில் குப்பை பொறுக்கினார்கள். சிலர் இரத்தம் கொடுத்தார்கள். பாடசாலைகளுக்குக் கணினி கொடுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் திட்டமும் இருந்தது. கலஹாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் போக யார் தயார் என்று உங்கள் கண்டிக் காரியாலயத்தில் கேட்டபோது எந்தக் கை முதலில் உயர்ந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அன்று மத்தியானம் நான் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நீ அழைத்தாய். “அம்மா, ஒரு சின்ன அறிவித்தல். நாலே வரி. இப்பவே தமிழ்ல தாங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.” ஒரு கையில் பிசைந்த சோறு. மறு கையால் தட்டி அனுப்பினேன். தலைப்புக்கு நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. காரியாலயத்தில் எத்தனையோ சுற்றறிக்கைகளில் எழுதி எழுதிப் பழகிய சொல், விரலிலிருந்து தானாக விழுந்தது: ‘தொண்டர் ஆசிரியர்கள்.’

கம்பனிக்காரர்களுக்கு அது ஒரு நல்ல சொல். விருப்பத்தோடு வந்து சொல்லிக்கொடுக்கிறவர்கள், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அப்படியில்லை. இந்த நாட்டில் தமிழ்ப் பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை வரும்போது, உயர்தர வகுப்பு வரை படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் சம்பளமில்லாமல் போய்ப் படிப்பிப்பார்கள். என்றாவது ஒருநாள் நிரந்தர நியமனம் வரும், அப்போது ஏற்கெனவே படிப்பித்தவர்களை முதலில் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஆண்டுக்கணக்கில் படிப்பிப்பார்கள். அவர்களுக்குத்தான் தொண்டர் ஆசிரியர் என்று பெயர். ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்தால் தோட்டத்தில் யாரும் சேவை என்று நினைக்கமாட்டார்கள். வேலை வருகிறது என்றுதான் நினைப்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. நாள் முழுக்க இந்தச் சொற்களோடு இருக்கிறவள் நான். ஆனால் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

உன் பங்கையும் சொல்லவேண்டும். நான் அனுப்பியதில் மூன்றாவது வரி, ‘ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கப்படும்’ என்பது. அறிவித்தலைப் படமாகச் செய்தபோது படத்துக்குள் இடம் பத்தவில்லை என்று நீ அதை வெட்டிவிட்டாய். மிஞ்சியது இவ்வளவுதான்: தொண்டர் ஆசிரியர்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, பாடசாலை மண்டபம். முன் அனுபவம் தேவையில்லை. அதிபர் அதைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அது தோட்டத்தின் ஒரு டிவிசனிலிருந்து மறு டிவிசனுக்கு, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போயிருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தமிழ் பேச ஆள் போதாது என்று நானும் வேனில் ஏறிக்கொண்டேன். உன் குழுத் தலைவர் நுவன் வழி நெடுகப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். வேனின் பின்பக்கம் கணினிகள். குலுங்கும் வளைவுகளில் நீ அவற்றைப் பிள்ளைகளைப் போலப் பிடித்துக்கொண்டாய்.

மண்டபக் கதவைத் திறந்தபோது உன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒரு பிள்ளைகூட இல்லை. வரிசை வரிசையாக இளம் பெண்கள், எல்லாரும் சேலை. மடியில் சான்றிதழ் ஃபைல். பக்கத்தில் சிலருடைய அம்மாமார், நெற்றியில் திருநீறு. முன்வரிசையில் கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிய ஒரு பெண் எழுந்து நின்று, “சேர், இன்டர்வியூவுக்கு ஒவ்வொருத்தரா உள்ள வரணுமா, இல்ல இங்கயே வச்சுக் கேப்பீங்களா?” என்றாள். உன் ஒரு கையில் வயர், மறு கையில் மடிக்கணினி. என் பக்கம் திரும்பி, உதட்டை அசைக்காமல், “அம்மா, என்னா எழுதினீங்க?” என்றாய். “எழுதினது நானு. வெட்டினது யாரு?” என்றேன். “எடம் பத்தலம்மா!” நுவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “அன்ட்டி, இவங்க எல்லாரும் டீச்சர்ஸா?” என்று சிங்களத்தில் கேட்டார். இருக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

யாராவது சொல்லியாக வேண்டும். அதிபர் கழுத்தைச் சொறிந்தார், நீ வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாய். அப்போது விளங்கியது, இதை மொழிபெயர்க்க எனக்கு முன்னால் ஒருவரும் பேசப்போவதில்லை என்று. என் சொந்த வசனத்தை நானே பேசவேண்டும். “தப்பு என்னோடது” என்றேன். “வேலைக்கு ஆள் எடுக்க நாங்க வரல. புள்ளைங்களுக்குக் கம்பியூட்டர் சொல்லிக் குடுக்கத்தான் வந்தோம். நான் எழுதின சொல்லு உங்கள ஏமாத்திருச்சு.” பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “அதானே பாத்தேன், நம்ம தோட்டத்தத் தேடி வந்து வேல குடுக்குறாங்களேன்னு” என்றாள். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நிற்பது லேசில்லை. சில கதிரைகள் நகர்ந்தன. ஆனால் அந்தக் கத்தரிப்பூச் சேலை உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. “சரி மிஸ், வேல இல்ல” என்றாள். “அந்தப் பொட்டியாவது இருக்குதானே? தொறந்து காட்டுங்க. சேல கட்டினதுக்கு எதையாவது பாத்துட்டுப் போறோம்.” நான் நுவனுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “தேருணா அன்ட்டி, தேருணா! பெட்டிய நே!” விளங்கிவிட்டதாம், பெட்டிதானே என்கிறார். என் தொழிலில் ஆள் தேவைப்படாமல் போனதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண்தான் யோகேஸ்வரி. அவள் அன்று கேட்ட கேள்விகளை நீ இன்னும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாய். திரையில் ஒரு வண்டியை ஓடவைக்கும் பாடம். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதற்கு உங்கள் தாளில் ‘சுழற்சி’ என்று இருந்தது. நீ இரண்டு தடவை விளக்கிப் பார்த்து, மூன்றாம் தடவை ஆங்கிலத்துக்குப் போய்விட்டாய். அவள் இடைமறித்தாள். “சேர், கலஹா பஸ் மாதிரியா? பேராதனைக்குப் போவுது, திரும்பி வருது, மறுபடி போவுது, நிப்பாட்டச் சொல்ற வரைக்கும்?” நீ துள்ளிக் குதித்து “ஆமா, ஆமா, அதேதான்!” என்றாய். “நிப்பாட்டச் சொல்ல மறந்துட்டா?” “போய்க்கிட்டே இருக்கும்.” “அப்ப டிரைவருதான் பாவம்” என்றாள். மண்டபம் மறுபடி சிரித்தது. இது வேறு சிரிப்பு. நகர்ந்த கதிரைகள் திரும்பி வந்தன. மத்தியானம் தாண்டியும் ஒருவரும் எழவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கணினிக்கு நாலு பேர், “நீ தள்ளு, என் முறை” என்று சண்டை.

தேத்தண்ணி குடிக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “மிஸ், நான் ஏற்கெனவே தொண்டர்தான்” என்றாள். கீழே ஒரு சின்னப் பாடசாலையில் சில வருஷம் படிப்பித்திருக்கிறாள். நியமனப் பட்டியலில் பேர் வரும், வரும் என்றார்களாம். மற்றவர்களுக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை. அப்படியென்றால் திரும்ப ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அந்தச் சொல்லப் பாத்தா கால் தானா வந்துருது மிஸ்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னாள்.

திரும்பும்போது வேனில் நீ ஒரே கொண்டாட்டமாக இருந்தாய். “அம்மா, நாங்க மாசத்துக்கு ஒருக்காதான் வரலாம். இவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டா ஒவ்வொரு நாளும் புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுப்பாங்க! கம்பியூட்டர அங்கயே வச்சிறலாம்!” என்றாய். நல்ல யோசனை. அந்த வயதில் எனக்கு வந்திருக்காது. “என்னா பேர்ல படிச்சுக் குடுப்பாங்க?” என்று கேட்டேன். “தொண்டராத்தான். நாங்களும் தொண்டர்தானேம்மா.” அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. நுவனுக்கு விளங்கக்கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் அவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். நீ கொடுக்கிற நாளுக்கு உன் கம்பனி உனக்குச் சம்பளம் தருகிறது, மகன். நாள் முடிந்தால் நீ வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிடுகிறாய். அவள் கொடுக்கிற நாளுக்கு யார் என்ன தருகிறார்கள்? உங்கள் இருவருக்கும் ஒரே சொல். அவளை அதற்குள் இன்னொரு தடவை போட்டு மூடிவிடாதே. பேராதனைப் பாலம் வரும்வரை நீ வயர்களைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாய்.

இங்கே உன்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இதை எதிர்காலத்தில் நீயே மறந்துவிடலாம். வீம்புக்கு நிற்கிறவன் இல்லை நீ. மறுநாள் காலை குசினிக்கு வந்து, கண் முழுக்கத் தூக்கத்தோடு, “அம்மா, பயிற்றுநர்னு போட்டா சரியா? சம்பளத்தோட. ஒரு கோர்ஸும் படிக்க வச்சு” என்றாய். நான் தோசைக் கரண்டியோடு உன்னைக் கட்டிப்பிடித்தேன். நீ “சேட்டு, சேட்டு!” என்று கத்தினாய். மாவு அப்பிய அந்தச் சேட்டோடுதான் நீ அன்று நுவனிடம் போய்ப் பேசியிருக்கிறாய்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளைப் போல ஒரு காலம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. மாதத்துக்கு ஒன்றுதான் என்றாலும், ஒன்று முடிந்த மறுநாளே அடுத்ததற்காகக் காத்திருப்பேன். பெண்கள் படித்தார்கள், பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். உங்கள் பாடத் தாள்களை நான் தோட்டத்துப் பேச்சில் திருப்பி எழுதினேன். ‘சுழற்சி’க்குப் பக்கத்தில் ஒரு பஸ் படம் போட்டேன். காரியாலயத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறேன், ஒருவர்கூட வாசித்துச் சிரித்ததில்லை. இங்கே ஒவ்வொரு தாளுக்கும் சிரித்தார்கள், திருத்தினார்கள், “மிஸ், இது நம்ம பேச்சு இல்ல” என்று அடித்தார்கள். நான் சந்தோஷமாகத் திருப்பி எழுதினேன்.

ஆனால் உங்கள் கொழும்புத் தலைமைக் காரியாலயம் சம்மதிக்க வேண்டுமே. அந்த வீடியோக் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். திட்டத்துக்குப் பொறுப்பான மேடம் நல்ல மனுஷிதான், சிரித்த முகம். ஆனால் திட்டம் பாடசாலைப் பிள்ளைகளுக்கானது, பெரியவர்களுக்குச் செலவிட அதில் இடமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அதே கத்தரிப்பூச் சேலையில் வந்திருந்த யோகேஸ்வரி, “மேடம், நீங்க மாசத்துக்கு ஒருக்கா வர்றீங்க. மிச்ச நாளெல்லாம் புள்ளைங்க யாருகிட்ட போயி கேக்கும்?” என்றாள். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மொழிபெயர்க்கிறவர்கள் ஒருபோதும் செய்யக்கூடாத ஒன்றை அன்று செய்தேன். நிறுத்தாமல் இன்னொரு வசனம் சொன்னேன்: “இவர்களைத் தொண்டர் என்று அழைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குள்ளேயே பெண்களுக்கு வயது போய்விடுகிறது.” மேடம் திரைக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு, “இதையும் அவர்தான் சொன்னாரா?” என்று கேட்டார். “இல்லை, இது நான்” என்றேன். மேசைக்குக் கீழே நீ என் காலை மிதித்தாய். பேசாதே என்று மிதித்தாயா, சபாஷ் என்று மிதித்தாயா? இன்றுவரை நான் கேட்கவில்லை. சபாஷ் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று பதில் வந்தது! நேற்று முழுக்க நான் கத்தியதில் இன்று தொண்டை கட்டியிருக்கிறது. மண்டபத்தில் நீ கதிரை மேல் ஏறி நின்று வாசித்தாய். முதல் ஒரு வருஷத்துக்கு நான்கு பெண்கள், மாதச் சம்பளத்தோடு. பயிற்சிக் கோர்ஸ் கம்பனிச் செலவில். கணினிகள் பாடசாலையிலேயே இருக்கும். முதல் பெயர் யோகேஸ்வரி. எல்லாரும் கூச்சல் போட்டார்கள், நுவன் அதிபரைத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டார். அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். “சேர், எழுத்துல இருக்கா?” என்றாள். இருக்கிறது என்றாய். “என்னா சொல்லு போட்டிருக்கு?” “பயிற்றுநர்.” “தொண்டர்னு எங்கயும் இல்லையே?” நீ அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, “இங்க மட்டுந்தான்!” என்றாய். அவள் அந்த டீசேட்டைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடியும்போது முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

பிறகு நுவன் கடைசி நிபந்தனையை வாசித்தார். வகுப்புக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். கம்பனி ஆளாக இருக்கத் தேவையில்லை, சம்பளமும் இல்லை. மூன்று மொழியும் தெரிந்தவராக, பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் பாடசாலைக்குப் போய்வரக்கூடியவராக, கம்பனிக்கும் பெண்களுக்கும் நடுவில் நிற்கிறவராக இருக்கவேண்டும். இந்த மாதத்துக்குள் பெயர் கொடுக்காவிட்டால் எல்லாம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அந்த இடத்தில் நீ இருப்பாய் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம், சிங்கப்பூர் வரும்வரை. அடுத்த ஆண்டு என்றால் என்ன என்று அங்கே இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். யோகேஸ்வரி தலைப்பிலிருந்து முகத்தை எடுத்து உன்னைப் பார்த்தாள். உன் வலது கை தொடையின் மேல் துடித்ததை நான் பார்த்தேன். பிறகு நீ, “யாராவது கெடைப்பாங்க” என்றாய். கையைத் தூக்காத உன்னை நான் முதல் தடவையாக நேற்றுத்தான் பார்த்தேன். வேனில் வரும்போது, “போகாம இருந்துறவாம்மா?” என்று கேட்டாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதில் இதுதான்: போ. ஒரு கை எல்லாச் சாமானையும் தூக்க முடியாது. ஈர்க்குமாறு உன்னிடம் இருந்தாலும் மீன் அப்பாவிடம்தானே இருந்தது.

சிங்கப்பூரிலும் உனக்கு ஒரு டீசேட் கொடுப்பார்கள். அங்கேயும் ஏதாவது பாடசாலைக்கோ முதியோர் வீட்டுக்கோ அனுப்புவார்கள். போ, சந்தோஷமாகப் போ. ஆனால் உன் முதுகில் எழுதியிருக்கும் சொல், எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்னவாகக் கேட்கிறது என்று முதலில் கேள். படத்துக்குள் இடம் பத்தாவிட்டால் படத்தைச் சுருக்கு, வசனத்தை வெட்டாதே. யாராவது “பொட்டியத் தொறந்து காட்டுங்க” என்றால், உன் திட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் திறந்து காட்டு. சாப்பாட்டு நேரத்தில் எவராவது எதையாவது மொழிபெயர்க்கக் கேட்டால் கொடுக்காதே. இது எனக்கே நான் சொல்லிக்கொள்வது.

டீசேட் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. நீ எழுந்ததும் அதைத் தேடுவாய். காய்ந்தாலும் அது உன் பெட்டிக்குள் வராது. ஏன் என்பதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. நேற்று மண்டபத்தில் நுவன் கேட்டபோது என் கை எங்கே இருந்தது தெரியுமா? வகுப்பறையில் எப்போதும் இருந்த அதே இடத்தில், மேசைக்குக் கீழே. இரவு படுத்த பிறகும் அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் அதே கையால் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கும்போது முடிவாகிவிட்டது. மாதாமாதம் சம்பளம் வருகிறவள் நான். அந்தச் சொல்லை முதுகில் போட்டுக்கொள்ள என்னைப் போன்றவளுக்குத்தான் உரிமை இருக்கிறது. பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போடச் சொல்லி இன்று நுவனுக்கு அழைக்கப் போகிறேன். கண்டியில் வேலை முடித்துப் போனால் நான் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதனால் நாளைக்குக் காரியாலயத்தில் இடமாற்றமும் கேட்கப் போகிறேன். கலஹாப் பக்கத்து அலுவலகத்தில் எங்கள் வேலைக்கு ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. எல்லாரும் அங்கிருந்து கண்டிக்கு வரத்தான் எழுதிக் கொடுப்பார்கள். கண்டியிலிருந்து அங்கே போக ஒருவரும் கேட்டதில்லை. என் மேலதிகாரி அதை மூன்று தடவை வாசிப்பார். நான் ஊர்ப்பெயரை இடம் மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைப்பார். இல்லை சேர், இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதினேன் என்று சொல்லவேண்டும். அப்பாவுக்கு எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. ஆனால் நெரிசல் பஸ்ஸில் மீன் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த மனுஷன்தானே அவர்.